மதினியின் இங்கிலீஷும் மாமன் மடியும்

போன வாரம் முருகலட்சுமியைக் கோபத்தோடு விட்டுவிட்டு வந்தோம். ஒரு வாரம் ஆறப்போட்டால் தணிந்துவிடுவாள் என்று நினைத்தவர்களுக்கு அவளைச் சரியாகத் தெரியாது. களத்தில் காயப்போட்ட மிளகாய் மாதிரி காய்ந்து, காரம் ஏறித்தான் நிற்கிறாள்.

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முருகலட்சுமிக்குக் கூடப்பிறந்தவன் ஒரே அண்ணன், மாரிச்செல்வம். குட்டியானை வண்டி வைத்துக்கொண்டு ராமநாதபுரம் சந்தைக்கு மிளகாய் மூட்டை ஏற்றுகிறவன். அவன் பொண்டாட்டி கலைச்செல்வி பரமக்குடிக்காரி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். அதோடு நிறுத்தியிருந்தால் நமக்கும் கதை இல்லை. 'கலை டீச்சர்' என்று பெயர் வைத்துக்கொண்டு போனில் வீடியோ போட ஆரம்பித்தாள். குடும்பத்தைப் பற்றியும் சொந்தபந்தத்தைப் பற்றியும் வெள்ளைக்காரன் என்னென்ன சொலவடை வைத்திருக்கிறான் என்பதுதான் சமாச்சாரம்.

அப்பனை உரித்து வைத்த மாதிரி பிள்ளை இருந்தால் 'சிப் ஆஃப் தி ஓல்ட் பிளாக்'. பழைய கட்டையில் தெறித்த சிராய் என்று அர்த்தமாம். வீட்டில் பொம்பளை சொல்வதுதான் சட்டம் என்றால் 'ஷீ வேர்ஸ் த டிரவுசர்ஸ்'. அந்த வீட்டில் டவுசர் போட்டிருப்பது அவள்தானாம். நூறு நாள் வேலைக்குப் போகிற பொம்பளைகள் மண்வெட்டியைச் சாத்திவிட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். 'உங்க மதினி என்னமா பேசுறா' என்று முருகலட்சுமியிடமே வந்து சொன்னார்கள். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தாள்.

அப்புறம் வந்தது அந்த முந்தானை வீடியோ.

கல்யாணம் முடிந்தும் அம்மா பேச்சைத் தாண்டாத ஆம்பளையை 'அம்மாவுடைய ஏப்ரன் கயிற்றில் கட்டிக் கிடக்கிறவன்' என்பானாம் வெள்ளைக்காரன். ஏப்ரன் என்றால் சமைக்கும்போது இடுப்பில் கட்டுகிற துணி. கலைச்செல்வி அதைச் சொல்லிவிட்டு, "நம்ம ஊர்ல ஏப்ரன் ஏது? முந்தானைதான். சில வீட்ல அம்மா முந்தானை. சில வீட்ல தங்கச்சி முந்தானை" என்று கண்ணைச் சிமிட்டினாள். போனைப் பிடித்துக்கொண்டிருந்தது மாரிச்செல்வம். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பும் வீடியோவில் விழுந்துவிட்டது.

மதினி பேசியதை முருகலட்சுமி தாங்கியிருப்பாள். அண்ணன் சிரித்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அந்த ஒரு இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். தினமும் சந்தை முடிந்து திரும்புகையில் அவளுக்குப் போன் போட்டு 'சாப்பிட்டியாத்தா' என்று கேட்கிறவன், இப்போது அந்த நேரத்துக்குப் பொண்டாட்டிக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறான்.

எரிச்சலில் நேராகப் பெரியப்பா மகன் பால்சாமி வீட்டுக்குப் போனாள். "ராக்குக்குக் காது குத்துறோம்ணே. நீங்கதான் மடி கொடுக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். போன அத்தியாயம் அங்கேதான் முடிந்தது.

ராக்கு அவள் மகள். பிறப்புச் சான்றிதழில் ரக்ஷிதா. கொள்ளுப்பாட்டி ராக்காயி பெயரும் விட்டுப்போகக் கூடாது என்பதால் வீட்டில் ராக்கு.

மடி என்றால் சும்மா இல்லை. மொட்டை அடிக்கும்போதும் காது குத்தும்போதும் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். பெரியப்பா மகனும் முறைக்கு மாமன்தான். ஆனால் கூடப்பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது அவனைத் தாண்டி இன்னொருத்தனை உட்கார வைத்தால், அவன் சபையில் செத்தவனுக்குச் சமம். மடி கொடுத்தவன்தான் அந்தப் பிள்ளைக்கு முதல் மாமன். வயசுக்கு வந்தால் சடங்குக்கு ஓலைக் குச்சு கட்டுவது அவன், கல்யாணத்துக்கு மாலை எடுத்துக் கொடுப்பது அவன். ஒரு தரம் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் மாற்றுகிற வழக்கம் கிடையாது.

இன்றைக்குத்தான் அந்தக் காதுகுத்து.

*

தேவிபட்டினத்துக்கு வெளியே, உப்புக்காற்று வீசுகிற பனங்காட்டில் இருக்கிறார் அய்யனார். முருகலட்சுமியின் மாமனார் வழிக் குலசாமி. விடிந்ததிலிருந்து அவள் அங்கே பொங்கல் பானைக்கு முன்னால் நிற்கிறாள். கை கரண்டியில். கண் போனில்.

போன் அடிக்க வேண்டும். அல்லது குட்டியானை சீறிக்கொண்டு வந்து நிற்க வேண்டும். அண்ணன் இறங்கி, "எவன்டா என் மருமகளுக்கு மடி கொடுக்கிறவன்?" என்று கத்த வேண்டும். அவள் முந்தானை வீடியோவைச் சொல்லி அழ வேண்டும். அவன், "சிரிச்சது தப்புத்தான் தாயி" என்று தலையில் கை வைக்க வேண்டும். அப்புறம் பால்சாமி அண்ணன் கையைப் பிடித்து ஒரு மன்னிப்பு. அவ்வளவுதான் அவள் போட்டு வைத்திருந்த கணக்கு.

ஆமாம் வாசகர்களே, நீங்கள் நினைத்தது சரிதான், அவள் மனசாரக் கொடுத்த மடி இல்லை அது. அண்ணன் வந்து பறித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இன்னொருத்தனுக்கு நீட்டிய மடி. வீம்பு என்பார்கள் இதை. எங்கள் பக்கத்தில் பாசத்துக்கு இன்னொரு பெயரும் அதுதான், என்ன செய்வது.

ஆனால் அண்ணன் காதுக்குச் சேதி போக வேண்டுமே? பால்சாமி அமுக்கான ஆள், வாயைத் திறக்கவில்லை. அதனால் நேற்று அவளே பால்சாமியின் பொண்டாட்டி சண்முகவள்ளியைப் பிடித்தாள். "வள்ளி மதினி, உங்க வீட்டுக்காரர்தான் நாளைக்கு மடி. எங்க அண்ணன் வீட்ல யாருக்கும் மூச்சு விட்றாதீக" என்றாள். சண்முகவள்ளியிடம் மூச்சு விடாதே என்று சொல்வதும் கோயில் மைக்கில் அறிவிப்பதும் ஒன்று. தெரிந்துதான் சொன்னாள்.

"என்ன முருகு, பொங்கல் அடிப்பிடிக்குது, போனைப் பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றான் அவள் புருஷன் சின்னச்சாமி.

"ஒண்ணுமில்லைங்க. எங்க அண்ணன் வீட்ல கிளம்பிட்டாகளான்னு பாக்குறேன்."

"மச்சான் வராம எங்க போவாரு? வருவாரு."

அவள் கரண்டியைப் போட்டுக் கிண்டினாள். போன் அடிக்கவில்லை.

*

அடிக்க வேண்டிய போன் வேறு வீட்டில் அடித்தது.

கலைச்செல்வி கண்ணாடி முன்னால் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். சண்முகவள்ளி என்று பார்த்ததும் எடுத்தாள்.

"கலை, நான் சொன்னேன்னு சொல்லிராத. முருகு எங்க வீட்டுக்காரரை மடி கொடுக்கச் சொல்லிருச்சு."

"என்னக்கா சொல்றீங்க?"

"எனக்குச் சோறு தண்ணி இறங்கல. கூடப்பிறந்தவன் குத்துக்கல்லா இருக்கையில இவுக போயி உக்காரலாமா? பாவம் பிடிக்கும். மாரி தம்பியை வெரசா வந்து முருகுகிட்ட ரெண்டு வார்த்தை தன்மையாப் பேசச் சொல்லு. அது கரைஞ்சுரும். கோவம்தான், மனசுல ஒண்ணுமில்ல."

"சொல்றேன்க்கா."

சொல்லத்தான் போனாள். அதில் சந்தேகம் வேண்டாம். போனை வைத்துவிட்டு நடுவீட்டு வாசல் வரைக்கும் வந்தாள். அங்கே கண்ட காட்சிதான் அவளை நிறுத்தியது.

மாரிச்செல்வம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு தலையணை. எதிரில் அவன் அய்யா பூமிநாதன்.

"அய்யா, இப்படி உக்காந்தாப் பத்துமா? புள்ளை தலை ஆடாதுல்ல?"

"இடது கால இன்னும் உள்ள இழுத்துக்கடா. கத்தி பிடிக்கையில நீ அசஞ்சா போச்சு."

மூட்டை தூக்கித் தூக்கி அவனுக்கு முட்டி போய்விட்டது. சம்மணம் போட்டால் வலிக்கும். அதற்காக ஒரு வாரமாக இந்தப் பழக்கம். கலைச்செல்விக்கு அது தெரியும். தெரிந்தும் இன்றைக்கு அந்தத் தலையணையைப் பார்த்தபோது உள்ளே என்னவோ அறுந்தது.

பக்கத்தில் சீர்த்தட்டுகள். பட்டுப்பாவாடை, பழம், பெரிய மாலை, நடுவில் கொலுசு. கொலுசுக் கடையில் ஒவ்வொரு ஜோடியாகக் காதருகே ஆட்டி ஆட்டிச் சத்தம் பார்த்து வாங்கினான். அவளும் கூடத்தான் நின்றாள். அவளுக்குக் கல்யாணத்துக்கு எடுத்த கொலுசை அவன் ஒரு தரம் ஆட்டிக்கூடப் பார்க்கவில்லை. தங்கச்சி மகள் நடந்தால் எப்படிச் சத்தம் கேட்கும் என்று தெரிய வேண்டுமாம் அவனுக்கு.

கல்யாணம் ஆகி இரண்டு வருஷம். நடு ராத்திரியில் தங்கச்சி தும்மினாலும் விடிந்ததும் வண்டி எடுக்கிறவன். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கி வைத்துவிட்டுச் சந்தைக்குப் போகிறவன். குறை சொன்னால், "அவ தாயில்லாத புள்ளை கலை" என்பான். இவன் மட்டும் தாய் உள்ள பிள்ளையா?

அடுத்த வீடியோவுக்கு அவள் எடுத்து வைத்திருந்த சொலவடை, 'பிளட் இஸ் திக்கர் தேன் வாட்டர்'. தண்ணீரை விட ரத்தம் கெட்டி. நம்மில் தானாடாவிட்டாலும் தசை ஆடும் என்போமே, அது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த ராமநாதபுரத்தில் வந்து தண்ணீரைத் தாழ்த்திப் பேசுகிறான் பாருங்கள் வெள்ளைக்காரன்! ஆனால் கலைச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணனும் தங்கச்சியும் ரத்தம். அப்படியென்றால் இந்த வீட்டில் நான்தான் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டாள்.

"என்ன கலை, போன்ல யாரு?" என்று நிமிர்ந்தான் மாரிச்செல்வம்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் இவன் தலையணையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடுவான். தங்கச்சி காலடியில் போய் நிற்பான். அவள் அழுவாள், இவன் அழுவான், எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நான் ஓரமாக நின்று தட்டைப் பிடித்துக்கொண்டிருப்பேன். முந்தானை வீடியோவுக்கு என்னைத்தான் எல்லாரும் முறைப்பார்கள்.

நடக்கட்டுமே. அவளே முடிச்சை அவிழ்க்கிறாள், நான் ஏன் கட்டிவிட வேண்டும்?

"ஸ்கூல்ல இருந்துங்க. நாளைக்கு லீவான்னு கேட்டாங்க" என்றாள்.

"சரி, கிளம்பு. நேரமாச்சு."

அவன் தலையணையை எடுத்துப் பாய்மேல் வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

*

கொட்டுச் சத்தம் பனங்காட்டுக்குள் நுழைந்தபோது முருகலட்சுமி கரண்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். சட்டென்று சண்முகவள்ளி பக்கம் திரும்பினாள்.

"மதினி, எங்க அண்ணன் வீட்ல சொல்லிட்டீகளா?"

"சேச்சே! நான் ஏன் சொல்றேன்? என் வாயில எதுவும் நிக்காதுன்னு நினைச்சியா?" என்று சண்முகவள்ளி தரையைப் பார்த்தாள்.

தரையைப் பார்த்துவிட்டாளா, அப்போது சொல்லிவிட்டாள். முருகலட்சுமிக்கு அது போதும். அண்ணனுக்குத் தெரியும்.

தெரிந்த அண்ணன் எப்படி வருகிறான் என்று எட்டிப் பார்த்தாள்.

ஆடிக்கொண்டு வந்தான். தலையில் சீர்த்தட்டை வைத்துக்கொண்டு, முட்டி வலியையும் மறந்து, கொட்டுக்காரனுக்கு எதிரே குதித்துக்கொண்டு வந்தான். முகம் கொள்ளாத சிரிப்பு. பின்னால் பட்டுப்புடவையில் மதினி.

'தெரிஞ்சும் சிரிச்சுக்கிட்டு வாரான்' என்று நினைத்தாள். 'போனா போகுதுன்னு வாரான். மதினி சொல்லிக்கொடுத்திருப்பா.'

மாரிச்செல்வம் தட்டை இறக்கி வைத்துவிட்டுக் கையை நீட்டினான். "ஏ ராக்கு! வாடி என் மருமகளே! முருகு, புள்ளையக் குடு."

"இருக்கட்டும். நேரம் வரட்டும்."

"என்னத்தா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"எனக்கு என்ன? உனக்குத்தான் ரொம்பச் சிரிப்பா இருக்கு போல."

"விசேஷத்துல சிரிக்காம அழவா செய்வாக?" என்று மறுபடியும் சிரித்தான் அந்தப் பாவி மனுஷன்.

அவள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள். திரும்பின இடத்தில் இன்னொரு கொதிப்பு. காதுகுத்து அவள் மகளுக்கு, கூட்டமெல்லாம் மதினியைச் சுற்றி. காலேஜ் பிள்ளைகள் கலைச்செல்வி தோளில் சாய்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பந்திக்குக் காய் நறுக்கிய பொம்பளைகள்கூட அரிவாள்மணையை விட்டு எழுந்துவிட்டார்கள்.

"டீச்சர், மாமன் மடிக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்று கேட்டாள் ஒருத்தி.

"அவங்களுக்கு ஏதும்மா மாமன்? தாய்மாமனும் அங்கிள்தான், சித்தப்பாவும் அங்கிள்தான், அத்தை புருஷனும் அங்கிள்தான்" என்றாள் கலைச்செல்வி. "யாரு மடியில வேணும்னாலும் உக்காந்துக்கலாம்."

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது கலைச்செல்வியின் கண் ஒரு நொடி தன் மேல் வந்து போனதாக முருகலட்சுமிக்குப் பட்டது. உண்மையிலேயே வந்து போனதுதான்.

எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியாயிற்று. இனி யார் சொல்லி அணைப்பது?

அந்த நேரம் பார்த்துப் பால்சாமி பக்கத்தில் வந்தான். புதுப் பட்டு வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. அவனுக்குக் கூடப்பிறந்த பொம்பளைப் பிள்ளை கிடையாது. ஊரில் எந்தக் காதுகுத்துக்குப் போனாலும் ஓரத்தில் நின்று மாரிச்செல்வத்தைப் பொறாமையோடு பார்க்கிறவன்.

"முருகு, என்னையப் போயி கேட்டியேத்தா. மாமான்னு கூப்பிட எனக்கு ஒரு புள்ளை கிடைச்சுச்சே" என்றான்.

இந்த மனுஷனிடம் என்னத்தைச் சொல்லித் திருப்பிக் கேட்பது? அவள் தலையை ஆட்டி வைத்தாள்.

*

"தாய்மாமன் வந்து மனையில உக்காரப்பா!" என்று குரல் கொடுத்தார் பூசாரி வீரையா.

மாரிச்செல்வம் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு போனான். அந்தப் பக்கத்திலிருந்து பால்சாமியும் வந்தான். மனைப்பலகைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர்.

"என்னப்பா, ஒரு மனைக்கு ரெண்டு மாமனா?" என்றார் வீரையா. கூட்டம் சிரித்தது.

மாரிச்செல்வமும் சிரித்தான். "பால்சாமி அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கிறீகளா?"

"முருகுதான் என்னைய உக்காரச் சொல்லிச்சு தம்பி."

சிரிப்பு அடங்கியது. எல்லாரும் முருகலட்சுமியைப் பார்த்தார்கள். அவள் அண்ணனையே பார்த்தாள். இப்போதாவது கத்து. பலகையை எட்டி உதை. என் கன்னத்தில் ஒரு அறை விடு. ஏதாவது செய் அண்ணே என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

அவன் கத்தவில்லை. "நெசமாவா முருகு?" என்று மெதுவாகக் கேட்டான்.

அந்த மெதுவான குரல்தான் அவளைக் கெடுத்தது.

"ஆமா" என்றாள். "தங்கச்சி முந்தானையைப் பாத்துச் சிரிக்கிறவுகளுக்குத் தங்கச்சி மக எதுக்கு?"

"ஏத்தா! உனக்குக் கூறு கெட்டுப்போச்சா?" என்று பூமிநாதன் எழுந்துவிட்டார். "சபையில வச்சு என்ன பேச்சு பேசுற?"

"விடுங்கய்யா" என்றான் மாரிச்செல்வம்.

அவன் பலகையை விட்டு விலகினான். சீர்த்தட்டிலிருந்து, தாய்மாமன் தன் கையால் பிள்ளைக்குப் போட வேண்டிய மாலையை எடுத்தான். எடுத்து, பால்சாமி கையில் கொடுத்தான்.

"நீங்களே போட்டு விடுங்கண்ணே."

ராக்கு பால்சாமி மடியில் உட்கார்ந்தாள். முடி இறங்கியது. ஆசாரி இரண்டு காதிலும் தங்கக் கம்பியை ஏற்றினார். பிள்ளை வீறிட்டு அழுதது. பால்சாமியும் கூடச் சேர்ந்து அழுதான், அவனுக்குச் சந்தோஷம். சுற்றி நின்றவர்கள் குலவை போட்டார்கள்.

கலைச்செல்வி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் மனசு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே குளிர்ந்தது. இனி ஓட அவருக்குத் தங்கச்சி வீடு இல்லை, நான் மட்டும்தான் என்று நினைத்தாள். அப்புறம் புருஷனைத் தேடினாள். அவன் கூட்டத்தை விட்டு விலகிப்போய்க் குட்டியானை நிழலில் தரையில் உட்கார்ந்திருந்தான். பழகின பழக்கம், சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தான்.

*

தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள்.

"குடிங்க. எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம். இப்படி அவமானப்படுத்துற தங்கச்சிக்காகவா..."

"அவளைச் சொல்லாத கலை. சிரிச்சது நானு."

"நான் பேசுனதுக்குத்தானே சிரிச்சீங்க?"

"நீ பேசுனது வீடியோவுக்கு. நான் சிரிச்சது அவளை நெனச்சுத்தான். அது அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றான். பாட்டிலை வாங்கிப் பக்கத்தில் வைத்தான். "முன்னாடியே ஒரு வார்த்தை என் காதுக்கு வந்திருந்தா ஓடியாந்து கால்ல விழுந்திருப்பேன்."

கலைச்செல்வி பார்வையைப் பந்திப் பக்கம் திருப்பினாள்.

முருகலட்சுமி வருவது தெரிந்தது. இடுப்பில் மொட்டைத் தலையும் சந்தனமுமாக ராக்கு. காது இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. பின்னாலேயே சோற்றுத் தட்டோடு சண்முகவள்ளி. சமாதானம் பண்ண அவளைத் துணைக்குக் கூட்டி வந்திருந்தாள்.

"சாப்பிட வாண்ணே" என்றாள் முருகலட்சுமி. அதற்குள் அழுகை முட்டிக்கொண்டது. "தெரிஞ்சும் ஏன்ணே ஒரு வார்த்தை கேக்கல? காலையில இருந்து போனையே பாத்துக்கிட்டு நின்னேன். நீ வந்து சண்டை போடுவ, போடுவன்னு நின்னேன். ஆடிக்கிட்டு வாரியே!"

"என்னத்தத் தெரிஞ்சு?"

"பால்சாமி அண்ணன் மடி கொடுக்கிறது."

"மனையில நிக்கையிலதான் எனக்குத் தெரியும் முருகு. யாரு சொன்னா?"

சண்முகவள்ளி தட்டைத் தரையில் வைத்தாள். "என்ன தம்பி இப்படிச் சொல்றீக? நான் காலையிலயே கலைக்குப் போன் போட்டுச் சொன்னேனே! தம்பியை வெரசா வரச் சொல்லுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே. ஏன் கலை, நீ சொல்லலையா?"

மூன்று பேரும் கலைச்செல்வியைப் பார்த்தார்கள்.

"ஸ்கூல்ல இருந்துன்னு சொன்ன" என்றான் மாரிச்செல்வம்.

தினமும் போனைப் பார்த்து வாய் ஓயாமல் பேசுகிறவள் தரையைப் பார்த்தாள்.

முருகலட்சுமி கத்துவாள் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை. "மதினி, நான் வீம்புக்குச் செஞ்சேன். அது என் தப்பு, என்னைய செருப்பால அடிங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் புள்ளை எங்க அண்ணன் மடியில இருந்திருக்குமே" என்றாள். மூக்கைச் சிந்தினாள். "இனி மாத்த முடியாது. ஊரே பாத்துருச்சு. இவளுக்கு இனிமே மாமன் பால்சாமி அண்ணன்தான். குச்சு கட்டுறதும் அவுகதான், மாலை எடுக்கிறதும் அவுகதான். அவுககிட்ட இருந்து நான் எப்படிப் பிடுங்குவேன்?"

மாரிச்செல்வம் எழுந்தான். அய்யாவைக் கூப்பிட்டான்.

"அய்யா, இவளைக் கூட்டிக்கிட்டு பஸ்ல வீட்டுக்குப் போங்க. நான் இங்கன தங்கச்சி வீட்ல இருக்கேன்."

"எப்ப வருவீங்க?" என்று கேட்டாள் கலைச்செல்வி.

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. தங்கச்சி இடுப்பில் விசும்பிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தான்.

"முருகு, இவளைத் தூக்கிக்கிறவா? மாமன் முறைக்கு இல்ல. சும்மாதான்."

முருகலட்சுமி ஓவென்று அழுதுவிட்டாள்.

*

தேவிபட்டினம் சாலையில் பஸ்ஸுக்கு நிற்க ஒரு வேப்பமரம்தான் நிழல். பூமிநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மருமகளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். கடலுக்குள் நிற்கிற நவபாஷாணக் கோயிலில் முழுகிவிட்டு வந்த வெளியூர்க்காரர்கள் ஈரத்துணியோடு கடந்து போனார்கள்.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துதான் கேட்டார்.

"ஏன்த்தா சொல்லல?"

கலைச்செல்வியிடம் பதில்கள் இருந்தன. சிக்னல் இல்லை, மறந்துவிட்டேன், வள்ளி அக்கா பேச்சை நம்ப முடியுமா, விசேஷ நாளில் மனசைக் கெடுப்பானேன் என்று நினைத்தேன். எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. அவர் முகத்தைப் பார்த்ததும் எதையும் சொல்லத் தோன்றவில்லை.

"பொறாமை மாமா" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"வேற ஒண்ணும் இல்ல மாமா. எப்பப் பாத்தாலும் அவளுக்குன்னா ஓடுறாரு. தலையணையை வச்சுப் பழகுனதைப் பாக்க எனக்கு முடியல. ஒரே ஒரு தடவையாவது அவளுக்காக ஓடாம இருக்கட்டும்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

தூரத்தில் ராமநாதபுரம் பஸ் வருவது தெரிந்தது. பூமிநாதன் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"இனிமே ஓட மாட்டான்த்தா" என்றார். "அங்கனயே உக்காந்துட்டான்."

பஸ் வந்து நின்றது. அவர் ஏறிவிட்டார். கண்டக்டர் இரண்டு தரம் விசில் கொடுத்துப் பார்த்தார். கலைச்செல்வி பனங்காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றாள், படியில் கால் வைக்கவில்லை.